நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே இரண்டு சகோதரர்கள்

"சார், எல்லாத்தையும் முப்பதுல தள்ளிடுங்க. யார் பார்க்கப் போறாங்க?"

இவ்வாறு எனக்கு உபதேசம் செய்தவர் வயதில் என்னைவிடச் சிறியவரே ஆயினும், கல்யாண வீடியோக்களை வெட்டியும் ஒட்டியும் அந்தத் தொழிலின் சூட்சுமங்களை எல்லாம் கரதலப் பாடமாக வைத்திருப்பவர் என்பதனால், அவர் வார்த்தையை முற்றும் அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. என்றாலும் கடைசியில் அவர் சேர்த்துக்கொண்ட அந்த மூன்று சொற்கள் மட்டும் இரண்டு நாளாக என் காதில் ரீங்காரமிட்டுக்கொண்டே இருப்பதால், அந்த எரிச்சலை இங்கே இறக்கி வைத்துவிட்டுத்தான் மறு காரியம் பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறேன்.

யார் பார்க்கப் போகிறார்கள்?

நான் பார்ப்பேன். அதுதான் சங்கடம்.

விஷயம் இதுதான். ஸ்டார் டிரெக் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்க் குடும்பத்தில், கிளிங்கான் என்னும் வேற்றுக்கிரக இனத்தைச் சேர்ந்த வொர்ஃப் என்ற வீரனை அறியாத ரசிகர் இருக்க முடியாது. மைக்கேல் டோர்ன் என்ற நடிகர் அந்த வேஷத்தை முதலில் 1987 முதல் 1994 வரை ஓடிய 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் தரித்து, பிறகு 1995 இல் அதே வேஷத்தோடு 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடருக்கு இடம் பெயர்ந்தார். இந்த வொர்ஃபுக்கு கர்ன் என்று ஒரு தம்பி. (டோனி டாட் நடித்தார், 2024 இல் காலமாகிவிட்டார். அந்தக் குரலை இனி யார் கொடுக்கப் போகிறார்கள்!) தம்பி 1990 இல் வந்த ஓர் அத்தியாயத்தில் அண்ணனைத் தேடி வருகிறான், 1991 இல் வந்த யுத்தத்தில் அண்ணன் தம்பி இருவரும் தோளோடு தோள் நிற்கிறார்கள், 1995 இல் அண்ணன் ஆட்சித் தலைவனை எதிர்த்துக் கொள்கை பேசியதன் பலனாகத் தம்பி பதவியிழந்து மானமிழந்து, 1996 இல் 'அண்ணா, நீயே என்னைக் கொன்றுவிடு' என்று வாசலில் வந்து நிற்கிறான். இவ்வளவு உருக்கமான சகோதர சரித்திரம் இரண்டு தொடர்களில், பல சீசன்களில், நூறு உபகதைகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறதே, அதைக் கோத்து இரண்டு மணி நேரத்து ஒரே படமாக்கிப் பார்த்தால் என்ன என்பது என் ஆசை. இதற்கு ரசிகர் வெட்டு என்று பெயர். ஆங்கிலத்தில் ஃபேன் எடிட். சொந்தக் காசில் வாங்கிய தட்டுகளை வைத்து, சொந்தக் கணினியில், சொந்தத் திருப்திக்காகச் செய்கிற காரியம்.

கதையை வெட்டுவது சுலபம். எங்கே அழுகை, எங்கே சண்டை, எங்கே தேவையில்லாத கமாண்டர் ரைக்கர் என்பது கொஞ்சம் ரசனை உள்ள எவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் படங்கள் ஓடுகிற வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்கிற கணக்கு இருக்கிறதே, அதில்தான் அண்ணனும் தம்பியும் சேர மாட்டேன் என்கிறார்கள்.

இதன் மூல காரணத்தைத் தேடிப் போனால் 1953 ஆம் ஆண்டில் போய் நிற்போம். அதற்கு முன் அமெரிக்காவில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி விநாடிக்குச் சரியாக 30 ஃபிரேம் என்று உத்தமமாக ஓடிக்கொண்டிருந்தது. வண்ணம் வந்தது. பழைய பெட்டிகளிலும் படம் தெரிய வேண்டும், புதிய பெட்டிகளில் வண்ணமும் தெரிய வேண்டும், ஆனால் வண்ணத்தைச் சுமந்து வரும் அலை ஒலியைச் சுமந்து வரும் அலையோடு உராய்ந்து திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியவும் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றும்பொருட்டு, அந்தக் காலத்துப் பொறியியல் மேதைகள் ஒலி அலையின் 45 லட்சம் ஹெர்ட்ஸை 286 ஆல் வகுத்து, வந்த ஈவை ஒரு படத்துக்கு உண்டான 525 கோடுகளால் மீண்டும் வகுத்து, 29.97 என்று ஒரு விகிதத்தைக் கண்டுபிடித்து, லோகத்துக்கு அனுக்கிரகம் செய்தார்கள். ஆயிரத்துக்கு ஒன்றுதான் குறைவு. அந்த ஒன்று எழுபது வருஷத்துக்கு மேலாக எல்லோர் பிராணனையும் வாங்கிக்கொண்டிருக்கிறது.

(நாம் அந்த வம்பில் மாட்டவில்லை. தூரதர்ஷன் 1982 இல் வண்ணத்துக்கு வந்தபோது பால் முறையை எடுத்துக்கொண்டது. விநாடிக்கு 25 என்று சுத்தமான கணக்கு. அதில் வேறு வம்பு: 24 ஃபிரேம் சினிமாவை 25 இல் ஓட்டுவார்கள், கதாநாயகன் குரல் முக்கால் ஸ்வரஸ்தானத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறி ஒலிக்கும். அதைப் பின்னொரு நாள் பேசலாம்.)

இப்போது ஸ்டார் டிரெக்குக்கு வருவோம். நடிகர்கள் நடித்த காட்சிகள் எல்லாம் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில், விநாடிக்கு 24 என்று எடுக்கப்பட்டவை. ஆனால் அக்காலத்து வழக்கப்படி அந்த ஃபிலிமை வீடியோ டேப்புக்கு மாற்றி, வெட்டுவதும் ஒட்டுவதும் விண்கலங்கள், ஒளிக்கற்றைகள், வெடிப்புகள் முதலிய மாயாஜாலங்களைச் சேர்ப்பதும் டேப்பிலேயே நடந்தன. டேப்போ 29.97. ஃபிலிமின் நாலு படங்களை டேப்பின் ஐந்து படங்களுக்குள் நிரப்புவதற்கு டெலிசினி என்ற ஓர் உபாயம் உண்டு: ஒவ்வொரு டேப் படமும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டு ஃபீல்டுகளால் ஆனது ஆகையால், முதல் ஃபிலிம் படத்தை இரண்டு ஃபீல்டுக்கும், அடுத்ததை மூன்று ஃபீல்டுக்கும், பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று மாற்றி மாற்றிப் பரப்பினால் நாலு படம் பத்து ஃபீல்டாகிவிடும், பத்து ஃபீல்டு ஐந்து ஃபிரேம். டேப் ஆயிரத்துக்கு ஒன்று மெதுவாக ஓடுவதால் ஃபிலிமின் 24உம் 23.976 ஆகிவிடும்.

மிருதங்கம் கற்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒரே காலப்பிரமாணத்தில் ஒருவர் சதுச்ர நடையும் மற்றொருவர் கண்ட நடையும் வாசிப்பதுதான் இது. நாலும் ஐந்தும் தனித்தனியே அழகு, நடுவில் தாளம் போடுகிறவன் கதி அதோகதி.

நம்பாதவர்கள் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். எம்பிவி பிளேயரில் படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். (காற்புள்ளியைத் தட்டினால் பின்னால் போகும். பிரபஞ்சத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இரண்டு விசைகள்.) ஃபீல்டுகளாகவே பதிந்துவிட்ட ஒரு பகுதியில், கர்ன் கோபமாகத் திரும்புகிற ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டினால் தெளிவான ஒரு முகம். மறுபடி தட்டினால் இன்னொரு தெளிவான முகம். அடுத்த தட்டில் தோள் விளிம்பு கோடு கோடாகப் பிளந்து, பழைய தோளும் புதிய தோளும் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொண்டு நிற்கும், அதற்கடுத்ததிலும் அப்படியே, ஐந்தாவது மீண்டும் தெளிவு. மூன்று சுத்தம், இரண்டு சேதம். அதே அத்தியாயத்தில் கதை நடக்கும் விண்வெளி நிலையத்துக்கு வெளியே ஒரு கப்பல் மிதந்து போகும் காட்சிக்கு வந்து தட்டிப் பாருங்கள்: ஐந்தும் சுத்தம், ஐந்திலும் கப்பல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கும். அது டேப்பிலேயே ஐந்து நடையில் பிறந்தது. அதற்குள் நாலு இல்லை.

ஆகவே ஒரே அத்தியாயத்தில், அறைக்குள்ளே 23.976, ஜன்னலுக்கு வெளியே 29.97. கதவைத் திறந்தால் காலம் மாறும்!

(இங்கிலாந்துக்காரர்கள் இதிலும் முன்னோடிகள். பிபிசியில் அக்காலத்தில் அறைக்குள் நடப்பவற்றை வீடியோவிலும், வெளியே நடப்பவற்றை 16 மில்லிமீட்டர் ஃபிலிமிலும் எடுப்பார்கள். பழைய 'டாக்டர் ஹூ' பெரும்பாலும் இப்படித்தான். 'மான்டி பைத்தான்' கோஷ்டி இதை வைத்தே ஒரு ஹாஸ்யம் செய்திருக்கிறது: அறையில் இருக்கிற கனவான்கள் எந்த வழியாக வெளியே போனாலும் ஃபிலிமாகிவிடுகிறார்கள், தாங்கள் ஃபிலிமால் முற்றுகையிடப்பட்டிருப்பதை உணர்ந்து பீதியடைகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் சிரித்த சிரிப்புக்கு வீட்டில் யாருக்கும் காரணம் புரியவில்லை.)

இதோடும் போகவில்லை என் கிரகசாரம். 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னுக்கு 2012 முதல் 2014 வரை ஒரு புனர்ஜன்மம் கிடைத்தது. மூல ஃபிலிமைத் தேடி எடுத்து, மீண்டும் ஸ்கேன் செய்து, கப்பல்களையும் ஒளிக்கற்றைகளையும் புதிதாகக் கோத்து, ஆதியோடந்தம் 23.976 ஆக ப்ளூரே தட்டில் வெளியிட்டார்கள். கண்ணைப் பறிக்கும் தெளிவு. அந்தப் பாக்கியம் 'டீப் ஸ்பேஸ் நைனு'க்குக் கிட்டவில்லை. அது இன்னும் பழைய டிவிடியிலேதான், நாலும் ஐந்தும் கலந்த கோலத்திலேதான் கிடக்கிறது. ஆகையால் என் படத்தின் முதல் பாதியில் தம்பி பளிங்காகவும், இரண்டாம் பாதியில் மங்கலாகவும் வருவான். அது பரவாயில்லை; அவன் வாழ்க்கையும் அப்படித்தான் மங்கிற்று. ஆனால் நடை பிசகினால் பொறுக்க முடியாது.

சரி, என்ன செய்யலாம்?

நண்பர் சொன்னபடி எல்லாவற்றையும் 29.97 ஆக்கிப் பார்த்தேன். கப்பல்கள் வெண்ணெயாக மிதந்தன. ஆனால் மனிதர்கள்! நாலு படத்துக்கு ஒருமுறை ஒரு படம் இரட்டித்து, நடைபாதையில் நடந்து வருகிற வொர்ஃப் விநாடிக்கு ஆறு முறை தயங்கித் தயங்கி வருகிறான். எதிரிகளைக் கண்டு தயங்காத கிளிங்கான், என் என்கோடுக்குப் பயந்து தயங்குவதாவது!

மாற்றி எல்லாவற்றையும் 23.976 ஆக்கினால், மனிதர்கள் சுகமாக நடக்கிறார்கள், கப்பல்கள் நொண்டுகின்றன. ஐந்தில் ஒரு படத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டதால் வந்த வினை. 1995 இல் வந்த அந்தப் பெரிய அத்தியாயத்தில் பெரும் கிளிங்கான் கப்பற்படை ஒன்று நிலையத்தைச் சூழ்ந்துகொண்டு போர் புரிகிறது. அதில் ஒரு கப்பல் நொண்டினால் சகிக்கலாம். கப்பற்படையே நொண்டுவதை எப்படிச் சகிப்பது?

இல்லாத படங்களைக் கணினியே கற்பனை செய்து இட்டு நிரப்பும் மென்பொருள்கள் இப்போது மலிந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி என் அபிப்பிராயத்தை அச்சிடத் தகுந்த சொற்களில் சொல்ல இயலாது. கர்ன் தன் மரணத்தை வேண்டி நிற்கிற அந்த முகத்தில், மூக்குக்கும் நெற்றி மேட்டுக்கும் நடுவே எங்கிருந்தோ ஒரு புதிய ஈரச் சதை தோன்றி மறைவதைக் கண்ட பிறகு, அந்த மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்கினேன்.

அடுத்தது, மாறும் விகிதம். இது சாஸ்திர சம்மதமான மார்க்கம். ஏவிசிந்த் என்ற மென்பொருளில் டிஎஃப்எம் என்ற கருவி பிரிந்துபோன ஃபீல்டுகளை மறுபடி ஜோடி சேர்க்கும். டிடெசிமேட் என்ற மற்றொரு கருவி இரட்டித்த படத்தை மட்டும் எடுத்துவிடும். ஐந்தும் வேறு வேறாக இருக்கிற இடத்தைத் தொடாமல் விட்டுவிடும்படியும் அதற்குச் சொல்லி வைக்கலாம். முடிவில் எந்தப் படம் எந்தக் கணத்தில் தோன்ற வேண்டும் என்ற கால அட்டவணையோடு ஒரு மட்ரோஸ்கா கோப்புக் கிடைக்கும். நாலு நாலாகவே ஓடும், ஐந்து ஐந்தாகவே ஓடும். பார்ப்பதற்குப் பரமானந்தம்.

வெட்டுவதற்கோ நரகம். எடிட்டிங் மென்பொருள்கள் எல்லாம் ஒரே சீரான கடிகாரத்தை நம்பிப் பிழைப்பவை. மாறும் விகிதத்தைக் கண்டதும் சில, தலைப்பில் எழுதியிருக்கிற சராசரி எண்ணையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு, படத்தை ஒரு பக்கமும் ஒலியை ஒரு பக்கமும் இழுத்துச் செல்லும். 23.976 என்பதை 24 என்று எடுத்துக்கொண்டாலே போதும், 45 நிமிஷ அத்தியாயத்தின் முடிவில் 2.7 விநாடி பிசகும். கர்ன் வாயை மூடிய பிறகு அவன் குரல் கேட்கும். பேய்க்கதைக்கு அது பொருந்தலாம்.

ஆகவே எனக்கு வேண்டியது, நாலையும் ஐந்தையும் பொய் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு பொதுக் கடிகாரம். கணக்குப்படி பார்த்தால் அது 119.88: ஃபிலிம் படம் ஒன்றுக்கு ஐந்து துடிப்பு, டேப் படம் ஒன்றுக்கு நாலு துடிப்பு. மீதமே கிடையாது. (ஜப்பானிய அனிமே ரசிகர்கள் ஏவிஐ காலத்திலேயே 120 என்று இந்த வித்தையைச் செய்தவர்கள். ரசிகர்களின் பொறுமைக்கு எல்லையே இல்லை.) ஆனால் எல்லா எடிட்டிங் மென்பொருளும் அதை ஏற்பதில்லை, ஏற்றாலும் என் கணினி மூச்சு வாங்குகிறது.

அதில் பாதி 59.94. டேப் படத்துக்கு இரண்டு துடிப்பு. ஃபிலிம் படத்துக்கு இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. பார்த்தீர்களா? பழைய டெலிசினி நடையேதான். சாதாரண அறுபது ஹெர்ட்ஸ் மானிட்டரில் 23.976 படத்தை எப்படி ஓட்டினாலும் அது அந்த நடையிலேதான் தெரியப்போகிறது என்பதால், வெட்டுகிற வேளையில் இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆகவே டிவிடியை முதலில் மாறும் விகிதமாகச் சுத்தப்படுத்தி, பிறகு அதன் கால அட்டவணைப்படி 59.94 ஆக விரித்து, ப்ளூரேயையும் அதே 59.94 ஆக விரித்து, இரண்டையும் ஒரே மேஜையில் போட்டேன். அண்ணனும் தம்பியும் முதல் தடவையாகச் சண்டையில்லாமல் உட்கார்ந்தார்கள்.

ஆனால் அந்த மேஜையிலிருந்து இறுதிப் படத்தை எடுக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். மேஜை வெட்டுவதற்கு மட்டும். அங்கே கிடைக்கிற வெட்டுப் பட்டியல்தான் பொருள். எந்தத் தட்டில், எந்தக் கணம் முதல் எந்தக் கணம் வரை என்ற அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, விரிக்காத மூலங்களின்மேல் மறுபடி வெட்டினால், ஃபிலிம் காட்சி 23.976 ஆகவும் கப்பல் காட்சி 29.97 ஆகவும் தத்தம் சுயரூபத்திலேயே என்கோட் ஆகும். எந்த ஃபிரேம் முதல் எந்த ஃபிரேம் வரை என்ன விகிதம் என்று வரிக்கு ஒன்றாக ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதி எம்கேவிமெர்ஜ் என்ற நிரலிடம் கொடுத்தால், அட்டவணையை அது பார்த்துக்கொள்ளும். நூற்றிருபது ஹெர்ட்ஸ் தொலைக்காட்சி வைத்திருக்கிற புண்ணியவான்களுக்கு நாலு நடையும் பிசகில்லாமல் தெரியும்.

இதில் ஒரு சின்ன சூட்சுமம். ஃபிலிம் காட்சிகளின் நடுவே வெட்டும்போது, அந்தக் காட்சியின் தொடக்கத்திலிருந்து ஐந்து ஐந்து துடிப்பாக எண்ணி, அந்த எல்லையிலே வெட்ட வேண்டும். ஐந்து துடிப்புக்குச் சரியாக இரண்டு ஃபிலிம் படம். ஒலியிலும் அது முழு எண்ணாக விழும்: 48,000 ஹெர்ட்ஸ் ஒலியில் ஐந்து துடிப்புக்கு 4004 மாதிரிகள், ஒரு ஃபிலிம் படத்துக்கு 2002. ஒரு டேப் படத்துக்கோ 1601.6. அந்தத் தசமத்தை எங்கே வைப்பது? ஆகையால் ஒலியின் வெட்டைக் கப்பல் காட்சியின் விளிம்பில் வைக்காமல், முடிந்தவரை பக்கத்து மனிதக் காட்சிக்குள் நகர்த்திவிடுகிறேன். எஞ்சினின் உறுமலுக்கு மேலே ஒரு வார்த்தை முந்திக்கொண்டு வந்தால் கேட்கவும் நன்றாகவே இருக்கிறது.

மருந்தே இல்லாத இடமும் உண்டு. அத்தியாயத் தொடக்கத்தில், ஃபிலிம் காட்சியின்மேல் நடிகர்களின் பெயர்கள் தோன்றி மறைகின்றனவே, அந்த எழுத்துகள் டேப்பில் சேர்த்தவை. பின்னால் மனிதர்கள் நாலு நடை, முன்னால் எழுத்து ஐந்து நடை, இரண்டும் ஒரே படத்துக்குள். இங்கே நான் மனிதர் பக்கம். எழுத்து கொஞ்சம் துள்ளிவிட்டுப் போகட்டும். பெரும்பாலும் அந்த இடத்தை வெட்டியே விடுகிறேன். டோனி டாட் பெயரை மட்டும் கடைசியில் என் கையால் போட்டிருக்கிறேன், 23.976 இல்.

மீடியாஇன்ஃபோ என்ற கருவியில் ஒரு எண் தெரிந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலும் அது கோப்பின் தலையெழுத்தைத்தான் வாசிக்கிறது. உள்ளே என்ன ஓடுகிறது என்பதை முற்றுப்புள்ளி விசைதான் சொல்லும். ஒவ்வொரு மூலத்திலும் ஒரு நடக்கிற மனிதன், ஒரு மிதக்கிற கப்பல், ஒரு பெயர் வருகிற இடம், ஆக மூன்று இடங்களிலாவது தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் விகிதத்தைத் தீர்மானியுங்கள்.

அந்த இளம் நண்பருக்கு இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், கல்யாண வீடியோவுல இந்தத் தொல்லையே கிடையாது" என்றார். உண்மைதான்; ஆனால் இப்போது மொபைலில் எடுத்த துண்டுகளையும் நடுவில் சேர்க்கச் சொல்கிறார்களாம், மொபைல்கள் பெரும்பாலும் மாறும் விகிதத்தில்தான் பதிகின்றன என்பதை அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படத்தை அனுப்பி வைக்கச் சொல்லி யாரும் எழுத வேண்டாம். அது என் உடைமை அல்ல, அனுப்ப எனக்கு உரிமையும் இல்லை. வெட்டுப் பட்டியல் என்னுடையது. ப்ளூரேயும் டிவிடியும் சொந்தமாக வைத்திருப்பவர்கள் கேட்டால், உரைக்கோப்பாக அதை மட்டும் தருகிறேன். எண்கள் எல்லாம் 59.94 கணக்கில் இருக்கும். ஃபிலிம் மட்டுமே உள்ள காட்சிகளுக்கு இரண்டரையாலும், கப்பல் காட்சிகளுக்கு இரண்டாலும் வகுத்துக்கொள்ளுங்கள்.